மாமாவுக்கு அடுக்கிய கட்டைகள்

நம் வயதுக்காரர்கள் எல்லோரும் இப்போது போனில் ஒரு விளையாட்டு ஆடுகிறோம். மறைக்க வேண்டாம், கண் டாக்டரின் பெஞ்சிலும் பேங்க் வரிசையிலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். திரையில் கட்டை கட்டையாக அடுக்கிக் காட்டுகிறான். ஒரே மாதிரி இரண்டு இருந்தால் தட்ட வேண்டும், இரண்டும் மறைந்துவிடும். மேலே மாஜாங் என்று பெயர் போட்டிருக்கிறான். காலையில் என்னோடு நடக்க வரும் தோழி அதை என் போனிலும் ஏற்றிக் கொடுத்து, "மூளைக்கு நல்லதுடி, மறதி வராது" என்றாள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அது மாஜாங் இல்லை. மாஜாங்கைத் தனியாக ஆட முடியாது. நாலு பேர் வேண்டும், நாலு பேரும் எதிரெதிரே உட்கார வேண்டும், ஒருவர் எழுந்து போனால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில், பூக்கூடைகளுக்கு நடுவே, ஒரு கோடை விடுமுறையில் நான் அதைக் கற்றுக்கொண்டேன். மறதி வராது என்று தோழி சொன்னது அந்தக் கோடையைப் பொறுத்தவரை சரிதான். மறந்தால் தேவலை என்றுகூடச் சில நாள் தோன்றும்.

எங்கள் வீடு கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கும் வீடு. மம்சாபுரம் பக்கத்திலிருந்து விடியும் முன்பே கூடை வந்துவிடும். பெரியப்பா குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் கூடையை அவிழ்ப்போம். வீட்டில் கறி, முட்டை எதுவும் கிடையாது. முட்டை வாங்கிப் போகிறவனைப் பார்த்தாலே பெரியப்பா தெருவின் மறுபக்கம் மாறிவிடுவார். பெரியம்மா போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஆசாரம் இன்னும் இறுகிவிட்டது. என் அப்பாவுக்கு வெளியூரில் போலீஸ் வேலை. ஆகவே வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். கெட்ட மனிதர் இல்லை. அவர் அதட்டியதை நான் கேட்டதே கிடையாது. ஆனால் அவர் ஒரு தடவை செருமினால் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுப்பாள்.

அந்த வருஷம் பள்ளி மூடிய சமயத்தில் அத்தை வந்தாள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. ராஜபாளையத்தில் தூரத்துச் சொந்தத்தில், கறி சாப்பிடுகிற வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமா ராணுவத்தில் அதிகாரி. கல்யாணம் ஆனதிலிருந்து அத்தை வடக்கே ஏதேதோ ஊர்களில், ராணுவக் குடியிருப்புகளில் இருந்தவள். லீவில் வரும்போது எங்களுக்கு ஆப்பிள் கொண்டு வருவாள். இந்தத் தடவை இரும்பு டிரங்குப் பெட்டிகளோடு வந்தாள், மாமா வரவில்லை.

மாமா எங்கோ உயர்ந்த மலையில் காவலுக்குப் போயிருந்தபோது பனி சரிந்து மூடிவிட்டது. உடம்பு கிடைக்கவில்லை. முதலில் காணவில்லை என்றார்கள். பிறகு, தேடுவதை நிறுத்திவிட்டோம், இறந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் எப்படி எடுத்துக்கொள்வது? அத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியுமாக வந்து இறங்கினாள். காலையில் அம்மா கட்டி மிச்சம் வைக்கும் பூவில் ஒரு கண்ணி கேட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொள்வாள். அதைக் கொடுக்கும்போது அம்மா அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

உடம்பு கிடைக்காதவர்களுக்கு எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. தர்ப்பைப் புல்லில் ஆள் உருவம் கட்டி, அதற்குக் கொள்ளி வைத்து, கருமம் செய்துவிடுவார்கள். ராஜபாளையத்தில் மாமாவின் அம்மா அதைச் செய்துவிட வேண்டும் என்று ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். செய்தால் அத்தையின் பொட்டை அழித்தாக வேண்டும்.

"ஏட்டி, இன்னும் எம்புட்டு நாளைக்கித் தள்ளிப் போடுவ? கருமம் பண்ணாட்டா அவரு ஆத்துமா வழி தெரியாம அலையும்லா? அந்தம்மா பெத்தவுக, அவிய வயிறு எரியாதா?" என்று பெரியப்பா பூவைப் பார்த்தபடி கேட்பார். அத்தையைப் பார்த்துக் கேட்க அவருக்குத் தைரியம் கிடையாது.

"ஒடம்பக் காட்டச் சொல்லுங்கண்ணே. காட்டுனா பொறவு நானே அழிக்கேன்" என்பாள் அத்தை. அவ்வளவுதான். மற்றபடி அவள் நாள் முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். சோறு வைத்தால் சாப்பிடுவாள், வைக்காவிட்டால் கேட்க மாட்டாள். கொல்லைக் கதவைத் திறந்தால் மேற்கே மலை தெரியும். அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் என்னிடம், "இதெல்லாம் ஒரு மலையா புள்ள?" என்று கேட்டாள். நான் பயந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தார். அவருக்குப் பிறந்த வீடு ராஜபாளையம், மாமாவின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள். பாண்டேஜ் துணியை மடித்துச் சுருட்டிக் கொடுக்கும் வேலையைத் தூக்கிக்கொண்டு மதியம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ராஜபாளையத்துச் செய்தியெல்லாம் அவர் வழியாகத்தான் வரும். "உங்க நாத்தனா பேச்ச எடுத்தாலே அந்தம்மா எந்திரிச்சு உள்ள போயிருதாவ. மூஞ்சியக் கூடக் காட்ட மாட்டேங்காவ. அம்மோ, அம்புட்டுக் கோவம்!" என்று ரகசியமாக அம்மாவிடம் சொல்வார். அந்த ரகசியம் அத்தைக்கும் கேட்கும், எனக்கும் கேட்கும். மருமகளின் ராசிதான் மகனை விழுங்கிவிட்டது என்று மாமியார் நினைக்கிறார் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். அந்த அம்மாவிடம் போய் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு மதியம் அத்தை எழுந்து, டிரங்குப் பெட்டியை இழுத்து, அதற்குள்ளிருந்து ஒரு தோல் பெட்டியை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தாள். பித்தளைப் பிடி போட்ட சிவப்புப் பெட்டி. திறந்ததும் ரசகற்பூர உருண்டையும் பழைய சிகரெட்டும் கலந்து ஒரு வாசனை வந்தது. மல்லிகை வாசனையிலேயே வளர்ந்த எங்கள் மூக்குக்கு அது வேறு தேசமாக இருந்தது. உள்ளே தட்டுத் தட்டாகக் கட்டைகள். முன்பக்கம் பால் வெள்ளை, பின்பக்கம் மூங்கில். வெயில் கொளுத்துகிற அந்த நேரத்திலும் தொட்டால் சில்லென்று இருந்தது. நான் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

"மதினி, செத்த நேரம் வாங்க. இதுக்கு நாலு பேரு வேணும்" என்றாள் அத்தை.

அவள் தானாக வாய் திறந்து ஒன்று கேட்டதே பெரிய விஷயம். அம்மா கையிலிருந்த பூவை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த அக்காவைக் கூப்பிட்டாயிற்று. நாலாவது ஆளுக்குத் தெருவில் யாரைப் பிடிப்பது என்று யோசித்து, கடைசியில் நான். எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. பெரியவர்கள் ஆடும் ஆட்டத்தில் என்னை எண்ணிக்கைக்குச் சேர்த்தது அதுதான் முதல் தடவை.

பாய் விரித்து, அதன் மேல் மாமாவின் ராணுவக் கம்பளியை நாலாக மடித்துப் போட்டாள். கட்டைகளைக் கவிழ்த்துக் கொட்டி எட்டுக் கைகளால் கலைக்க வேண்டும். பிறகு ஆளுக்கொரு மதில் அடுக்க வேண்டும். நாலு மதிலும் சேர்ந்து ஒரு கோட்டை. கோட்டையை ஓர் இடத்தில் உடைத்து, அங்கிருந்து ஆளுக்குப் பதின்மூன்று கட்டை. அதுதான் கை. பிறகு முறை வரும்போது கோட்டையிலிருந்து ஒன்றை எடுத்து, வேண்டாத ஒன்றைக் கீழே போட வேண்டும். மூன்று மூன்றாக நாலு கூட்டமும் ஒரு ஜோடியும் சேர்ந்தால் ஜெயம். சீட்டில் ரம்மி தெரிந்தவர்களுக்கு இது கால்வாசி தெரிந்த மாதிரி. எங்களுக்கு ரம்மியும் தெரியாது.

பெயர்களை நாங்களே வைத்துக்கொண்டோம். வட்டம் வட்டமாக இருந்தவை அப்பளம். மூங்கில் குச்சி மாதிரி இருந்தவை கரும்பு. சீன எழுத்து இருந்தவற்றை அந்த அக்கா கோழிக்கிறுக்கல் என்றார். நாலு திசைக்கும் நாலு காற்று உண்டு. மூலையில் இங்கிலீஷ் எழுத்து போட்டிருந்ததால் பிழைத்தோம். கிழக்குக்குக் கொண்டல், தெற்குக்குத் தென்றல், மேற்குக்கு மேகாத்து, வடக்குக்கு வாடை. ஒற்றைக் கரும்புக்குப் பதிலாக மட்டும் ஒரு பறவையைச் செதுக்கியிருந்தார்கள். அத்தை ஆட்டம் கற்ற ராணுவக் குடியிருப்பில் எல்லோரும் அதைக் குருவி என்பார்களாம். அத்தைதான் முதல் நாளே, இது எங்கள் ஊர் ஆண்டாள் கையில் இருக்கிற கிளி என்று சொன்னாளாம். மற்ற அதிகாரிகளின் மனைவிகளான மேம்சாப்மார்கள் சிரித்தார்களாம். கிளிக் கட்டை மொத்தம் நாலு. அத்தை கைக்கு வந்தால் எதற்கும் உதவாவிட்டாலும் அதைக் கீழே போட மாட்டாள். அதனாலேயே பல ஆட்டம் தோற்றாள்.

திசையில்தான் அம்மாவுக்குச் சண்டை வந்தது. கிழக்காக உட்கார்ந்தவளுக்கு வலது கைப் பக்கம் தெற்கு என்றாள் அத்தை. அம்மா எழுந்து வாசலைப் பார்த்தாள், கொல்லையைப் பார்த்தாள்.

"இது என்ன கூத்து? சூரியன் உதிக்கிற திக்கு இது. அப்ப தெக்கு அங்கனல்லா இருக்கணும்? மாறிக் கெடக்கே."

"மாறித்தான் இருக்கும் மதினி. இது தரையப் பாக்கிற திக்கு இல்ல. மல்லாந்து படுத்து மானத்தப் பாக்கிற திக்காம். இவிய சொல்லுவாக."

இவிய என்றால் மாமா. அவர் பேச்சை அவளாக எடுத்தது அன்றுதான். அம்மா மேற்கொண்டு வாதாடாமல் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தை கற்றுக்கொடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, பார்க்காமலே கட்டையைக் கண்டுபிடிப்பது. கோட்டையிலிருந்து எடுக்கும்போதே கட்டைவிரலால் முகத்தைத் தடவினால் என்ன செதுக்கியிருக்கிறது என்று தெரியும். ஒன்றுமே செதுக்காத வெள்ளைதான் எல்லாவற்றிலும் சுலபம். கிளிதான் கஷ்டம். ஏகப்பட்ட கீறல், தலை எது வால் எது என்று விரலுக்குப் புரியாது. பூக் கட்டிப் பழகிய அம்மாவின் விரல் இரண்டு மூன்று நாளிலேயே படித்துவிட்டது. நாங்கள் உதடு பிதுங்கத் தடவிக்கொண்டிருப்போம். அவள் மேலே பார்த்தபடி "அஞ்சு அப்பளம்" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் காட்டுவாள். சரியாக இருக்கும். அம்மாவுக்கு ஒரு விஷயத்தில் பெருமை வந்து நான் பார்த்தது அந்தக் கோடையில்தான்.

சிரிப்பும் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? ஒருநாள் அந்த அக்கா ஜெயித்துவிட்டதாகக் கத்தி, கையை விரித்தால் அதில் ஒரு கட்டை குறைந்தது. தேடினால் பாண்டேஜ் துணியோடு சேர்த்துச் சுருட்டி வைத்திருந்தார். அத்தை சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எதிர்வீட்டு ஜன்னல் சாத்திய சத்தம் எங்களுக்குக் கேட்டது. அன்று சாயங்காலமே தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. புருஷன் பனிக்குள் கிடக்கிறான், இவள் பூ கட்டுகிற கூடத்தில் சூதாடிக்கொண்டு கெக்கெக்கே என்று சிரிக்கிறாள் என்று. நாங்கள் பைசா வைத்து ஆடவில்லை. புளியங்கொட்டை வைத்துக்கூட ஆடவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது?

பெரியப்பா தெருப்பேச்சுக்கு மசியவில்லை. தங்கை சோறு கேட்டுச் சாப்பிடுகிறாள் என்பது அவருக்குப் போதுமானதாக இருந்தது. மதியப் பூவை மட்டும் தானே ஓரமாக உட்கார்ந்து கட்டிக்கொண்டு, எங்களைப் பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அக்காதான் ஒருநாள் ஒரு கட்டையை நகத்தால் சுரண்டியபடி, "இது என்னது, தந்தமா?" என்று கேட்டுத் தொலைத்தார்.

"தந்தத்துக்கு எங்க போக? பின்னால மூங்கி. முன்னால எலும்பு" என்றாள் அத்தை, அடுத்த கட்டையை எடுத்தபடி.

பெரியப்பாவின் கையில் நார் நின்றது. "என்ன எலும்பு?" என்றார்.

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம், அவளுக்கு அது தோன்றவே இல்லை. "மாட்டெலும்புன்னு சொன்னாவ."

பெரியப்பா மடியிலிருந்த மாலையைக் கீழே வைத்தார். எழுந்து கிணற்றடிக்குப் போய், உடுத்திய வேட்டியோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். வாளி இறங்கும் சத்தமும் ஏறும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றைக்குக் கட்டிய பூ அத்தனையும் மண்ணுக்குப் போனது. அம்மா கூடத்தை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினாள். ஈரத்தோடு வந்து நின்ற பெரியப்பா சத்தம் போடவில்லை. அழுகிற குரலில்தான் பேசினார்.

"தாயி, நீ இங்க எத்தன வருசம்னாலும் இரு. அது இருக்கக் கூடாது. சாமிக்குப் பூ கட்டுற எடம்."

அத்தை கட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் தட்டில் அடுக்கினாள். பெட்டியை மூடினாள். "எங்க கொண்டு போயி வைக்க? அவிய வீட்டுக்குத்தான் கொண்டு போவணும்" என்றாள். அவள் மாமியார் வீட்டுக்குப் போகிறாள் என்றதும் அம்மா பயந்துவிட்டாள். தனியாக அனுப்ப மனமில்லாமல் துணைக்கு என்னைச் சேர்த்து அனுப்பினாள்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். மம்சாபுரம் விலக்கில் பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது, கட்டைகள் மொத்தமாகக் குலுங்கின. அத்தை இரண்டு கையாலும் பெட்டியை அணைத்துக்கொண்டாள். ராஜபாளையம் வரும் வரை மலை எங்கள் கூடவே வந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மாமாவின் அம்மா கதவைத் திறந்தார். நெடிய உருவம், எண்ணெய் காணாத தலை. நான் அத்தையின் சேலைக்குப் பின்னால் போய்விட்டேன்.

"வா" என்றார். என்னைப் பார்த்து, "நீயும் வா புள்ள" என்றார். பிறகு பெட்டியைப் பார்த்து, "அத எதுக்குத் தூக்கிட்டு வந்த?" என்றார்.

"அங்க வைக்கக் கூடாதுன்னுட்டாவ. எலும்பாம்."

"இங்க அடுப்புல ஆட்டெலும்பு கொதிக்கி. இது என்னத்தச் செய்யப் போவுது? கீழ வையி."

அத்தை வைத்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மாமாவின் அம்மா பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, மூடியைத் திறந்து, தட்டுக்குள் கையை விட்டு ஒரு கட்டையை எடுத்தார். கட்டையைப் பார்க்கவில்லை. முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் மட்டும் மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தது.

"இது ஒங்க ஊருக் கிளில்லா?" என்றார். திருப்பிக் காட்டினார். கிளிதான்.

அத்தை நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "யாரு சொன்னா?"

"யாரு சொல்லுவா? கடேசியா லீவுல வந்தவன் மத்தியானம் பூராவும் என்னைய உக்காத்தி வச்சுச் சொல்லிக் குடுத்தான். நீ அப்ப ஒங்க அண்ணம்மாரப் பாக்கப் போயிருந்த. 'நாலு பேரு இல்லாம இத ஆட முடியாதும்மா, நீ படிச்சுக்கோ, பென்சன் வாங்கிட்டு நாங்க ஊரோட வந்துட்டோம்னா தெருவுல இன்னொரு ஆளப் பிடிச்சாப் போதும்'னான். அவ கிளியக் கீழ போட மாட்டா, அதுலயே தோத்துப் போவான்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். எனக்கு விரலு ஓடல. அவன் போன பொறவு ஒரு சோப்புக் கட்டியில கீறி வச்சுத் தடவித் தடவிப் பழகுனேன்."

சொல்லிவிட்டு அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். கோபத்தில் எழுந்து போவார் என்று அந்த அக்கா சொன்னாரே, அதே போக்குதான். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. இதைத்தான் நாங்கள் அத்தனை நாளும் கோபம் என்று பேசிக்கொண்டிருந்தோம். இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தவர், "பிரி. ஆடுவோம்" என்றார்.

"மூணு பேருதான இருக்கோம்" என்றாள் அத்தை.

"அவனுக்கும் சேத்துப் பிரி."

அத்தை கம்பளியை விரித்தாள். கலைத்தோம், மதில் அடுக்கினோம். மாமாவின் பக்கத்து மதிலை மாமாவின் அம்மாவே நகர்ந்து போய் அடுக்கினார். அத்தை கிழக்கு. அவளுக்கு வலப்பக்கம் நான், தெற்கு. அவளுக்கு எதிரே மாமாவின் அம்மா, மேற்கு. வடக்கில் ஆள் இல்லை. அந்தப் பக்கமும் பதின்மூன்று கட்டைகளை எடுத்து, ஆளில்லாத இடத்தைப் பார்க்க நிறுத்தி வைத்தாள் அத்தை. எங்களுக்கு அவற்றின் மூங்கில் முதுகு மட்டும் தெரிந்தது. என் கையைச் சரி பார்க்க அவள் சாய்ந்தபோது அவளுடைய கை எனக்குத் தெரிந்தது. அதில் இரண்டு கிளி இருந்தது. இன்னொன்று வந்தால் ஒரு கூட்டம்.

அத்தை ஒன்றைக் கீழே போட்டாள். நான் எடுத்தேன், போட்டேன். மாமாவின் அம்மா எடுத்து, தடவி, போட்டார். அடுத்தது வடக்கு.

இந்த ஆட்டத்தின் அரிச்சுவடியே அதுதான். முறை வந்தவர் எடுத்துப் போட்டால்தான் அடுத்தவர் எடுக்க முடியும். தாண்டக் கூடாது. கோட்டையில் மாமா எடுக்க வேண்டிய கட்டை ஓரத்தில் இருந்தது. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டது. தெருவில் ஒருவன் தெலுங்கில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போனான். நான் அசையக்கூட இல்லை. கொஞ்சம் பொறுத்தால் எடுத்துவிடுவார் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. அத்தைக்கு எப்படி இருந்திருக்கும்!

"ஏட்டி" என்றார் மாமாவின் அம்மா, மெதுவாக. "அவன் எடுக்க மாட்டான்."

அத்தை தலையை ஆட்டினாள், மாட்டார் என்று ஒப்புக்கொள்கிற மாதிரி. பிறகு கம்பளியின் மேலேயே குப்புற விழுந்து அழுதாள். செய்தி வந்த நாளிலிருந்து அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. மாமாவின் அம்மா அவளைத் தூக்கவில்லை. முதுகில் கை வைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் என் பதின்மூன்று கட்டையையும் கவிழ்த்து வைத்தேன்.

கருமத்துக்கு நாள் குறித்தார்கள். அதுவரை அந்தக் கோட்டையை யாரும் கலைக்கவில்லை. மாமாவின் அம்மா அதன் மேல் ஒரு துண்டை விரித்து, அதைச் சுற்றியே நடந்து வேலை பார்த்தார். அம்மாவும் பெரியப்பாவும் வந்தார்கள், அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. தர்ப்பை உருவத்துக்கு மாமாவின் பங்காளி ஒருவர் கொள்ளி வைத்தார். அத்தையை உள்ளறைக்குக் கூட்டிப் போன நேரத்தில் என்னைத் தெருவுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது அவள் நெற்றி வெறுமையாக இருந்தது. அதை நேராகப் பார்க்க முடியாமல் நான் அவள் காலைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் காடாற்று. எரித்த இடத்தில் எலும்பு பொறுக்கி எடுத்துத் தண்ணீரில் கரைக்க வேண்டிய நாள். மஞ்சள் துணியும் புதுக் கலயமுமாக ஆண்கள் வாசலில் கிளம்பி நின்றார்கள். கலயம் பெரியப்பா கையில் இருந்தது.

"புல்லுச் சாம்பல்ல எலும்புக்கு எங்க போக?" என்றார் பங்காளி. "சாஸ்திரத்துக்கு ஒரு பிடி சாம்பல அள்ளிப் போட்டுக் கொண்டு போவோம்."

அத்தைக்கு அது கேட்டது. உள்ளே போனாள், நானும் பின்னாலேயே போனேன். துண்டை எடுத்தாள். ஆளில்லாத இடத்தில் போய், மாமா உட்கார்ந்திருக்க வேண்டிய பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பதின்மூன்று கட்டைகளின் முகத்தையும் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். இரண்டு அப்பளம், ஒரு கோழிக்கிறுக்கல், ஒரு வாடை என்று சேராத கட்டைகள். நடுவில் இரண்டு கிளி. அவள் காத்திருந்த கிளி கோட்டைக்குள் இல்லவே இல்லை. மிச்சமிருந்த இரண்டும் அவர் கையில்தான் இருந்தன.

முந்தானையில் பதின்மூன்றையும் அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இதே கட்டைக்காகக் கிணற்றுத் தண்ணீர் முழுவதையும் தலையில் ஊற்றிக்கொண்ட மனிதர்.

"எலும்புதாண்ணே" என்றாள் அத்தை.

பெரியப்பா கலயத்தை இரண்டு கையாலும் ஏந்தி அவள் முன்னால் நீட்டினார்.

"ஆமா தாயி. எலும்புதான். போடு."

ஒவ்வொன்றாகப் போட்டாள். புதுமண் கலயத்தில் அது விழும் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பெரியப்பா தானே துணியைக் கட்டினார். வேறு யாரிடமும் கொடுக்காமல், பாபநாசம் வரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய், ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று தானே விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். மறுநாள் வழக்கம்போலக் குளித்துவிட்டுப் பூக்கூடையை அவிழ்த்தார்.

அத்தை பிறகு ராஜபாளையத்திலேயே இருந்துவிட்டாள். டீச்சர் டிரெய்னிங் படித்தாள், ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள், மாமியாரைக் கடைசி வரை வைத்துப் பார்த்தாள். பதின்மூன்று கட்டை குறைந்த பெட்டியை வைத்துக்கொண்டு யாரும் எதையும் ஆட முடியாது. அது தெரிந்துதான் அன்று போட்டாள். லீவில் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன், பெட்டி பீரோவின் மேலே இருக்கும். மாமாவின் அம்மா சில மதியங்களில் அதை இறக்கி, ஒரு கட்டையை எடுத்துத் தடவிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். இருவரும் போன பிறகு வீடு கைமாறியது. பெட்டியை யார் எடுத்துப் போனார்கள் என்று விசாரித்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மாவும் இல்லை, அந்த அக்காவும் இல்லை. அந்த நாலு பேரில் மிச்சம் நான்தான்.

நேற்று மதியம் தோழி ஏற்றிக் கொடுத்ததைத் திறந்து பார்த்தேன். படம் நன்றாகத்தான் போட்டிருக்கிறான், அப்பளம், கரும்பு, காற்று எல்லாம் இருக்கிறது. மளமளவென்று தட்டிக்கொண்டே வந்தேன். கடைசியில் இரண்டு கிளி மட்டும் மிஞ்சின. தட்டினால் ஜெயம். திரை தானாக அணைந்து போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தட்டவில்லை.